ஆறுமணிக் குருவியும் தோப்புச் சருகும்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை, பொம்மையார்பாளையத்தில் நம் அங்கத்தினர் ஒருவருடைய தறிக்கூடத்தைத் திறந்தவர்கள், தறிக்குழியின் ஓரத்தில் ஒரு பறவை கிடக்கக் கண்டார்கள். இரவெல்லாம் மழையும் காற்றுமாக இருந்தது. கூடத்தில் அணைக்க மறந்த விளக்கொன்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தை நாடிச் சாளரத்தின் வழியே வந்து, சுவரில் மோதி விழுந்திருக்க வேண்டும். கையில் எடுத்தபோது கண்ணைத் திறந்து பார்த்ததேயன்றிப் பறக்க முயலவில்லை. அவ்வீட்டுச் சிறுவன் கூண்டு தேடி ஓடினான். அவன் பாட்டியாரோ, "அடே, அது வழி வந்த சீவன், இளைப்பாறிவிட்டுப் போகட்டும், விடு" என்று சொல்லி, நூல் போடும் கூடையைக் கவிழ்த்து அதனுள் விட்டு, பிற்பகலில் கொல்லைப்புறத்தில் கூடையைத் தூக்கினார். பறவை தத்தித் தத்திச் சென்று வேலிப்புதருக்குள் மறைந்தது. பொழுது சாயும் வேளையில் அப்புதரிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று இரண்டு முறை கேட்டதாம்.

இச்செய்தி சங்க அலுவலகத்துக்கு வந்தபோது, "அது எந்த ஊர்ப் பறவை? இங்கே அதற்கு என்ன வேலை?" என்று பலரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லுவதோடு, நம் தோப்புக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பமும் செய்துகொள்ள விரும்புகிறோம். விண்ணப்பம் சிலருக்குக் கசக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுகிறோம்.

அப்பறவையின் பெயர் ஆறுமணிக் குருவி. காலையில் ஏறக்குறைய ஆறு மணிக்கும் மாலையில் ஏறக்குறைய ஆறு மணிக்கும் கூவுவதால் வந்த பெயர். கடிகாரம் இல்லாத காலத்தில் தறிக்குப் போகவும் தறியிலிருந்து எழவும் இதுவே போதுமானதாக இருந்திருக்கும். மேகம் மூடிய நாட்களில் நடுப்பகலிலும் கூவிவிடும் என்பதால், இதை நம்பிக் கூலி கணக்கிட முடியாது. தோட்டக்கள்ளன் என்று மற்றொரு பெயரும் இதற்கு உண்டு. நிழலில் பதுங்கி நடப்பதால் அப்பெயர் வந்திருக்கலாம். ஆனால் எந்தத் தோட்டத்திலும் ஒரு பழத்தையோ தானியத்தையோ இது திருடுவதில்லை. பெயர் வைத்தவர்கள் இன்னும் சற்று விசாரித்திருக்கலாம். மேனாட்டு விஞ்ஞானிகள் இதன் குலத்துக்குச் சூட்டியுள்ள "பிட்டா" என்னும் பெயர் தெலுங்குச் சொல். சிறு பறவை என்பது அதன் பொருள். உலகத்து நூல்களிலெல்லாம் ஏறிவிட்ட அச்சொல் நம் அண்டை வீட்டு மொழியினுடையது என்பது மகிழ்ச்சிக்குரியதே.

உருவத்தைச் சொல்லுவோம். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. எடை ஏறத்தாழ ஒரு கோழிமுட்டையின் எடை. வால் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குக் குட்டை. கால்கள் மட்டும் உடலுக்கு மிஞ்சிய நீளமும் வலிமையும் உடையவை. முதுகு இலைப்பச்சை, தோளில் பளிச்சிடும் நீலம், தொண்டை வெண்மை, கண்ணின் குறுக்கே மை தீட்டியது போன்ற கரிய பட்டை, உச்சியில் ஒரு கருங்கோடும் அதன் இருபுறமும் சந்தன நிறமும், வயிறு காவி கலந்த மஞ்சள், வாலின் கீழே குங்குமச் சிவப்பு. வடநாட்டில் இதை "நவரங்" என்று அழைக்கிறார்கள். ஒன்பது நிறம் என்று பொருள். இத்தனை நிறத்தை ஒரே புடவையில் போட்டு நெய்தால் கொள்முதல் செய்வோர் உதட்டைப் பிதுக்குவார்கள் என்பதை நம் நெசவாளத் தோழர்கள் அறிவார்கள். பறவையின் மேலோ அவை ஒன்றோடொன்று சண்டையிடாமல் அமைந்துள்ளன. அதைவிட வியப்பு, இவ்வளவு நிறமும் தாங்கிய பறவை சருகின்மேல் அசையாது நின்றால் பத்தடி தூரத்தில் கண்ணுக்குப் புலப்படாது. வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழும் தரையில் பச்சையும் காவியும் கரைந்துபோகின்றன.

இலங்கையில் சிங்கள மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. இக்குருவிக்கு முன்னொரு காலத்தில் இதனினும் அழகிய ஆடை இருந்ததாம். மயில் அதைப் பறித்துக்கொண்டு போய்விட்டதாம். "என் உடை, என் உடை" என்றே இது காலையும் மாலையும் அழுகிறதாம். துணி நெய்யும் நமக்கு இக்கதை நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை. ஆனால் நாம் மயிலம் மலையின் அருகே குடியிருப்பவர்கள். நம் ஊரின் பெயரோ மயிலத்துப் பொம்மபுர ஆதீனத்தோடு பிணைந்த பெயர். ஆதலால் மயிலைக் குறை சொல்லத் துணியமாட்டோம்.

இனி, எந்த ஊர்ப் பறவை என்ற கேள்விக்கு வருவோம். இது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இமயத்தின் அடிவாரக் காடுகளிலும், மத்திய இந்தியாவின் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளிலுமாகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில், காய்ந்த இலையும் புல்லும் கொண்டு உருண்டையான கூடு கட்டி, பக்கத்தில் ஒரு வட்ட வாசல் வைத்து, நான்கைந்து முட்டை இடும். வெண்மையான பளபளப்பான முட்டை. அதன்மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். குஞ்சுகள் பறக்கக் கற்றபின், புரட்டாசி, ஐப்பசியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேரும். சித்திரை வரையில் இங்கே தங்கும். பயணம் இரவில்தான். காற்றில் அடிபட்டுக் களைத்த குருவிகள் விடியற்காலையில் வீட்டுத் தாழ்வாரங்களிலும் மாடிகளிலும் விழுந்து கிடப்பது சென்னை முதலிய கடலோர ஊர்களில் ஆண்டுதோறும் காணும் காட்சி. நம் தறிக்கூடத்தில் விழுந்ததும் அப்படி ஒரு வழிப்பயணிதான். நம் வீட்டுப் பாட்டியார் நூல் எதையும் படியாமலே சரியாகச் சொல்லிவிட்டார்.

அது இங்கே வந்து என்ன செய்கிறது என்பதில்தான் நம் விஷயம் இருக்கிறது. காட்டுப் பறவைகளில் பல கிளையில் பூச்சி தேடும். சில பறந்து பிடிக்கும். ஆறுமணிக் குருவியோ தரையில் வாழ்கிறது. இரவில் உறங்க மட்டும் மரமேறும். பகலெல்லாம் அடர்ந்த நிழலில், இரு கால்களாலும் தத்திச் சென்று, அலகால் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டி எறிந்து, அடியில் உள்ள கறையான், எறும்பு, வண்டு, புழு, மண்புழு ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும். இடையிடையே நின்று, அந்தக் குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். பெரும்பாலும் தனித்தே இருக்கும்.

இதிலிருந்து அதன் தேவைகள் தெளிவாகின்றன. மேலே நிழல் வேண்டும். கீழே சருகு வேண்டும். சருகின் அடியில் ஈரம் வேண்டும். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து எங்கும் ஈரமாயிருக்கும்போது, வேலியோரம், வாழைத் தோட்டம், குப்பைமேடு எங்கும் இதற்கு இரை கிடைத்துவிடும். தை பிறந்து மழை நின்றபின் நிலைமை மாறுகிறது. வெயில் படும் செம்மண் இறுகிப் பொருக்குத் தட்டிவிடுகிறது; புழு பூச்சிகள் ஆழத்துக்குப் போய்விடுகின்றன; இக்குருவியின் அலகு கடப்பாரையன்று. தை முதல் சித்திரை வரையிலான மூன்று மாதத்தை, நிழலும் சருகும் மாறாமல் இருக்கும் இடத்தில்தான் இது கழிக்க முடியும்.

அத்தகைய இடம் ஒரு காலத்தில் இக்கரை நெடுகிலும் இருந்தது. சோழமண்டலக் கரைக்கென்றே உரிய காடு அது. உலர் பசுமைக் காடு என்று நூலோர் சொல்லுவர். ஆண்டில் பல மாதம் மழையே இல்லாவிடினும், இலை முழுவதையும் ஒருசேர உதிர்க்காமல், சிறு தடித்த இலைகளோடு என்றும் பச்சையாக நிற்கும் காடு. வீரை, பாலை, காசான், கருங்காலி, காட்டு எலுமிச்சை ஆகியவை அதன் மரங்கள். உயரம் அதிகம் இல்லை. ஆனால் கொடிகளும் புதர்களும் பின்னி, உள்ளே பகலிலும் குளிர்ச்சியாயிருக்கும். விறகுக்கும் வீட்டுக்கும் வயலுக்கும் மேய்ச்சலுக்குமாக அக்காடு தலைமுறை தலைமுறையாக வெட்டப்பட்டு, இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் தெய்வத்தின் பெயரால் தப்பிய துண்டுகளே. நமக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காடு அவற்றில் பேர்பெற்றது. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் அக்காட்டின் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணி அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஐயனாருக்கு அஞ்சி நம் முன்னோர் ஒரு கிளை ஒடிக்கவில்லை. அந்த அச்சம் செய்த காவலை எந்தக் காவற்காரரும் செய்திருக்க முடியாது. இப்போதோ கோயிலுக்கு வருவோர் தொகை பெருகுகிறது. வண்டி நிறுத்தவும் கடை வைக்கவும் இடம் கேட்கிறார்கள். மரத்தை வெட்டாமலே, அடியில் மிதித்து மிதித்துச் சருகை இல்லாமல் செய்துவிட்டால், ஆறுமணிக் குருவிக்கு அது வெட்டிய காடுதான்.

நம் ஊருக்கு மேற்கே உள்ள மேட்டு நிலத்தின் கதை இன்னும் பாடம் தருவது. காடு போனபின் அங்கே மழை நேராகச் செம்மண்ணில் விழுந்து, ஓடையாக அறுத்து, மண்ணைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. பொம்மையார்பாளையத்தின் அருகில் உள்ள செம்மண் பள்ளங்கள் அவ்வாறு உண்டானவையே. வெளியூரார் அவற்றின் அழகை வியந்து படம் எடுக்க வருகிறார்கள். நிலத்துக்கு ஏற்பட்ட புண்ணைப் படம் பிடிக்கிறோம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லுவதில்லை போலும். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அம்மேட்டில் மரம் அருமையாகவே இருந்தது. அங்கே குடியேறியவர்களும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலைக்குப் போன நம்மவர்களும் சேர்ந்து முதலில் வரப்புக் கட்டி மழைநீரைத் தடுத்தார்கள். பிறகு எதையும் தாங்கி விரைவில் வளரும் மரங்களை வைத்தார்கள். அவற்றின் நிழலில் வீரையும் காசானும் போன்ற இந்நிலத்துக்குரிய கன்றுகளை நட்டார்கள். நிழல் வந்தது, சருகு சேர்ந்தது, இன்று அக்காடுகளில் குளிர்காலந்தோறும் ஆறுமணிக் குருவியின் சீழ்க்கை கேட்கிறது. ஆரோவிலைப் பற்றி அங்கத்தினர்களிடையே பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். நிலம் வாங்கல் விற்றலில் மனத்தாங்கலும் இருக்கலாம். அவற்றுள் இங்கே நுழைய மாட்டோம். இம்மண் திரும்பவும் காடு தாங்கும் என்பது கண்முன் நிரூபணமாயிருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை.

இப்போது நம் தோப்புக்கு வருவோம். வானூர் வட்டத்து மேட்டு நிலத்தில் நம் அங்கத்தினரிற் பலருக்கு முந்திரித் தோப்பு உண்டு. முந்திரி பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரம்; ஆயினும் அதன் குடை போன்ற தாழ்ந்த நிழலும், தடித்த இலை உதிர்ந்து சேரும் சருகும் ஆறுமணிக் குருவிக்கு உகந்தவை. பழைய, தழைத்த முந்திரித் தோப்பு, போய்விட்ட காட்டுக்கு ஓரளவு ஈடாகவே இருந்து வந்திருக்கிறது. (சவுக்குத் தோப்பில் இக்குருவியை நாம் கண்டதில்லை.) 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அடித்த தானே புயலில் கடலோரத்து முந்திரி மரங்கள் பல வேரோடு சாய்ந்தன, பிறகு வைத்த கன்றுகள் நிழல் கட்ட ஆண்டுகள் ஆயின. வேறு சில தோப்புகள் மனைகளாகிவிட்டன. எஞ்சிய தோப்பிலும் நாம் இரண்டு காரியம் செய்கிறோம்.

முதலாவது, மாசி பிறந்ததும் காய் பொறுக்க வசதியாகத் தோப்பு முழுவதையும் வேலியிலிருந்து வேலி வரை கூட்டி, சருகைக் குவித்துக் கொளுத்துகிறோம். ஒரு கொட்டையும் தவறிப்போகக் கூடாது என்ற கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் காய் விழுவது மரத்தின் குடைக்கு அடியில்தானே? வேலியோரத்தையும் மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியையும் கூட்டுவது எதற்கு? வழக்கம் என்பதைத் தவிர விடை இல்லை. அப்படிக் கூட்டும் நாளோ, குருவி புறப்பட இரண்டு மாதம் இருக்கையில், வேறெங்கும் ஈரம் இல்லாத நேரத்தில் வருகிறது. நிலத்துக்கும் இதனால் நன்மை இல்லை. முந்திரிக்கு அடியில் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கும், மட்கி எருவாகும் என்றே விவசாயத் துறையினர் சொல்லி வருகிறார்கள். நாமோ இருக்கும் மூடாக்கைக் கொளுத்திவிட்டு, எரு மூட்டைக்குச் சங்கத்தில் கடன் மனு எழுதுகிறோம்.

இரண்டாவது, மருந்து. முந்திரி துளிர்த்துப் பூக்கும் மார்கழி, தை, மாசியில் தேயிலைக் கொசு என்னும் பூச்சி துளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக்கிவிடும் என்பது உண்மையே. அதற்கு அடிக்கும் மருந்து பூவில் மட்டும் நிற்பதில்லை. சொட்டிச் சருகில் இறங்குகிறது. கேரளத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் பல்லாண்டு காலம் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததனால் மனிதருக்கே நேர்ந்த கேட்டை நாடு அறியும். 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. அது போயிற்று, வேறு மருந்துகள் வந்துள்ளன. துளிரைப் பார்த்துப் பூச்சி உண்டா என்று சோதித்து அடிப்பவர் சிலர். பக்கத்துத் தோப்பில் பம்பு சத்தம் கேட்டதும் அடிப்பவர் பலர்.

இக்குருவியை விட்டுவைத்தால் மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் கிடைக்கும் என்று கணக்குச் சொல்ல நாம் முன்வரவில்லை. அது தரையில் மேய்வது. துளிரில் உள்ள தேயிலைக் கொசுவை அது தின்னப்போவதில்லை. கறையானையும் வண்டுப்புழுவையும் தின்கிறது. அது நமக்கு உதவியே, ஆனால் எவ்வளவு என்று எடை போட முடியாது. பறவைக்காக வாதாடுவோர் சிலர் அதைக் கூலியில்லா வேலையாள் என்று புகழ்ந்து விற்கப் பார்க்கிறார்கள். நமக்கு அந்த வியாபாரம் பிடிக்கவில்லை. இமயத்தின் அடிவாரத்திலிருந்துகூட நம் வேலிக்கு வந்து குளிர்காலம் போக்கும் ஒரு உயிரை, அதற்கு வேறு போக்கிடம் அருகிவரும் நாளில், நாமும் கைவிடலாமா என்பதே கேள்வி. சருகை விடுவதால் நிலத்துக்கு வரும் நன்மை தனிக் கணக்கு, அது உறுதியானது.

மறுப்புகள் வரும். சருகில் பாம்பும் தேளும் தங்கும் என்பார்கள். உண்மைதான், ஆகவே வீட்டை ஒட்டியும் நடைபாதையிலும் சருகை விடச் சொல்லவில்லை. மற்றொரு மறுப்பு கனமானது. தோப்புக் கூட்டும் வேலையிலும் சருகு அள்ளுவதிலும் ஏழைப் பெண்டிர் பலருக்குக் கூலியும் அடுப்பெரிப்பும் கிடைத்து வந்தன. காஸ் அடுப்பு வந்தபின் சருகின் தேவை குறைந்திருந்தாலும், நெல் அவிக்கவும் வெந்நீர் போடவும் இன்றும் சருகைத் தேடுவோர் உண்டு. அவர்களிடமிருந்து பிடுங்கிக் குருவிக்குக் கொடு என்று நாம் சொன்னால் அது அநியாயம். கொளுத்தும் சருகைத்தான் கேட்கிறோம்; அவர்கள் அள்ளிச் செல்லும் சருகை அன்று. கூட்டும் கூலி குறையாமலிருக்க, மரத்தடியில் கூட்டிய சருகைக் கொளுத்தாமல் வேலியோரத்துக்கு அள்ளிப் போடும் வேலையையும் அவர்களுக்கே கொடுக்கலாம். ஒரு தோப்புக்கு அரை நாள் கூலி கூடும். அதைத் தோப்புக்காரர் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்; இலவசமாக ஆகிவிடும் என்று நாம் பசப்பவில்லை.

ஆகவே நம் விண்ணப்பம் இது. தோப்பின் நான்கு வேலியோரத்திலும் பத்தடி அகலம் கூட்டாமல், கொளுத்தாமல், மருந்து படாமல் விடுக. அங்கே முளைக்கும் காசானையும் காட்டு எலுமிச்சையையும் களையென்று வெட்டாதிருக்க. ஒருவர் மட்டும் விட்டால் அது ஒரு கோடு. அடுத்தடுத்த தோப்புக்காரர் இருபுறமும் விட்டால் இருபதடி அகலத்தில் மேட்டுக் காட்டிலிருந்து ஊர் வரை நிழல் தொடரும். கூட்டுறவு என்பதைக் கடனுக்கும் நூலுக்கும் மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா?

தறிக்காரர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள்: புரட்டாசி, ஐப்பசி இரவுகளில் வேலை முடிந்ததும் தறிக்கூடத்து விளக்கை அணைத்துவிடுங்கள்; மின்கட்டணமும் மிஞ்சும். குருவி வந்து விழுந்துவிட்டால், தண்ணீரை வாயில் ஊற்றாமல், கூடையில் மூடி இருட்டில் வைத்து, தெளிந்தபின் புதரோரத்தில் விடுங்கள். அதைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே தின்னும் அப்பறவை கூண்டில் பிழைப்பதும் அரிது.

வேலியோரத்தை விடச் சம்மதிக்கும் தோப்புக்காரர்கள் மார்கழி முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்ளலாம். கூட்டும் வேலைக்கு வரும் பெண்டிரையும் அழைத்துக் கூலி விவரத்தைத் தையில் பேசி முடிவு செய்ய எண்ணியிருக்கிறோம். முதற் பெயராகத் தறிக்கூடத்து அங்கத்தினரின் பெயர் பதிவாகியிருக்கிறது. அவருக்குத் தோப்பு இல்லை. கொல்லைப்புறத்தில் ஆறு மரமும் ஒரு வேலியும் மட்டுமே. பாட்டியார் பதியச் சொன்னாராம்.